நகரசபைப் பணம் நடக்கும் வழி

கொச்சி மாநகரின் எர்ணாகுளத்துக் கரையிலே பிராட்வே என்றொரு கடைத்தெரு உண்டு. பெயரைக் கேட்டு அகன்ற வீதியொன்றை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாந்து போவர். எதிரெதிரே இரண்டு சரக்கு வண்டிகள் வந்துவிட்டால் நடப்பவர் கடைப்படியில் ஏறி ஒதுங்க வேண்டும். ஜவுளி, பாத்திரம், குடை, செருப்பு, மசாலைப் பண்டம், பள்ளிச் சாமான் என எல்லாம் அங்கே தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அவற்றில் பெரும்பங்கு நம் நாட்டுப் பக்கத்துச் சரக்கு. திருப்பூர்ப் பின்னலாடையும் ஈரோட்டுத் துண்டும் சிவகாசி நாட்காட்டியும் அங்கே குவிந்து கிடக்கும். அடுத்துள்ள மார்க்கெட்டில் விடியுமுன் இறங்கும் காய்கறியிலோ ஒட்டன்சத்திரத்து மண்ணும் பொள்ளாச்சி மண்ணும் ஒட்டியிருக்கும். மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் வாழும் தமிழர்கள் படகேறியும் பாலங்கடந்தும் அங்கே வருகின்றனர். விற்பவர், வாங்குபவர், சுமப்பவர் ஆகிய மூவரின் பேச்சிலும் தமிழ் கலந்தே கேட்கும்.

ஆகவே, இத்தெருவைக் குறித்து நகரசபை எடுக்கும் ஒவ்வொரு முடிவும் ஏதேனும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுப்பைத் தொடுகிறது எனலாம். ஆயினும் அம்முடிவு எங்கே பிறக்கிறது, யார் கையில் வளர்கிறது, எந்தப் பணத்தில் நிறைவேறுகிறது என்பதை நம்மில் பெரும்பாலோர் அறியோம். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் ‘கார்ப்பரேஷன் செய்துவிட்டது’ என்று சொல்லி அமைகிறோம். கார்ப்பரேஷன் என்பது ஓர் ஆள் அன்று. அதனுள்ளே பல குழுக்களும் பல பைகளும் உள்ளன. அவற்றை வெளியிலிருந்து நோக்கினால் மூடிய கட்டிடமே தெரியும். நகரசபை உறுப்பினர் ஒருவரின் இருக்கையில் அமர்ந்து நோக்கினாலோ கதவுகள் எங்கெங்கே உள்ளன என்பது விளங்கும். சிறிது நேரம் அவ்விருக்கையில் அமர்ந்து பார்ப்போம்.

குழுக்களாகப் பிரிந்து ஊர்க் காரியம் பார்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கோயிற் சுவரிலே முதற் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், வெட்டப்பட்ட கல்வெட்டுக்களை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, குடவோலையால் ஆளெடுத்து, ஆட்டை வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று வகுத்தார்கள். அக்கல்வெட்டில் பலரும் வியந்து பேசுவது தேர்தல் முறையைத்தான். நமக்கோ அதனினும் பெரிதாகத் தோன்றுவது ஒரு விலக்கு விதி. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலையில் பெயரெழுதப்படத் தகுதியற்றவர் என்று அவ்விதி கூறுகிறது. செலவு செய்தவன் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்த மக்கள், இன்று தாம் குடியேறிய நகரத்தின் கணக்கைக் கேட்காமலிருப்பது பொருத்தமன்று.

கொச்சியின் நகரசபை மூன்று வேறு ஆட்சிகளின் மரபில் வந்தது. ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ் மலபாரைச் சேர்ந்த நிலம். ஆகவே 1866இல் அங்கே நகரசபை அமைந்தது சென்னை மாகாணச் சட்டத்தின்படியேயாம். எதிர்க்கரையில் எர்ணாகுளமும், இக்கரையில் மட்டாஞ்சேரியும் கொச்சி மன்னரின் நாடு. அவ்விரண்டிலும் 1896இல் நகரக் குழுக்கள் ஏற்பட்டன. 1967 நவம்பர் முதல் தேதியன்று இம்மூன்று நகரசபைகளும், வெல்லிங்டன் தீவும், பள்ளுருத்தி, வைற்றில, வெண்ணல, இடப்பள்ளி ஆகிய ஊர்களும் ஒன்றாகி மாநகராட்சியாயின. 2025 டிசம்பரில் நடந்த தேர்தலின்போது அது 76 டிவிஷன்களாக வகுக்கப்பட்டிருந்தது. கேரளச் சட்டப்படி உறுப்பினர் இடங்களில் பாதி மகளிர்க்குரியது.

பிராட்வேயின் அருகே கடலோரமாகச் செல்லும் ஷண்முகம் ரோடு யார் பெயரால் வழங்குகிறது என்பதையும் இடையே சொல்லிவிடுவோம். கோயம்புத்தூர் நகரசபையில் பணியாற்றி, 1935 முதல் 1941 வரை கொச்சி நாட்டின் திவானாக இருந்து, 1947 நவம்பர் 26ஆம் நாள் சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை வாசித்த ஆர். கே. ஷண்முகம் செட்டியார் பெயரால்தான். வரவு செலவைப் பற்றிப் பேச இதைவிடத் தகுந்த இடம் வேறேது!

இனி, உறுப்பினரின் மேசைக்கு வருவோம். மன்றக் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்னதாக அவருக்கு ஒரு கட்டுத்தாள் வருகிறது. அதுவே நிகழ்ச்சி நிரல். பத்துப் பக்கமும் இருக்கலாம், நூறு பக்கமும் இருக்கலாம். புதிதாக வந்த உறுப்பினர் முதல் பக்கத்திலிருந்து வாசிப்பார். பழகியவர் முதலில் தம் டிவிஷனின் எண் எங்கே வருகிறதென்று தேடுவார். அடுத்து, பணம் சம்பந்தப்பட்ட பொருள்களைப் பிரித்தெடுப்பார். மூன்றாவதாக, இப்பொருள் எந்த நிலைக்குழுவின் வழியாக வந்தது, அல்லது எந்தக் குழுவின் வழியும் வராமல் நேரே வந்ததா என்று பார்ப்பார். இம்மூன்றாவது கேள்வியே முக்கியமானது. ஏனெனில் மன்றத்தில் நடைபெறும் விவாதம் பத்திரிகையில் வரும். உண்மையான முடிவோ அதற்கு முன்பே, நிலைக்குழுவின் சிறிய அறையில், பெரும்பாலும் உருவாகிவிட்டிருக்கும்.

1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம் ஒரு மாநகராட்சிக்கு எட்டு நிலைக்குழுக்களை வகுத்திருக்கிறது. நிதி, வளர்ச்சி, மக்கள் நலம், சுகாதாரம், பொதுமராமத்து, நகரமைப்பு, வரி மேல்முறையீடு, கல்வி - விளையாட்டு என்பன அவை. மேயர் நீங்கலாக ஒவ்வோர் உறுப்பினரும் இவற்றுள் ஒன்றில் இடம் பெறுவார். 75 பேரை எட்டாகப் பிரித்தால் குழு ஒன்றுக்கு ஒன்பது அல்லது பத்துப் பேர். அப்படியானால் ஐந்தாறு பேர் ஒருமனப்பட்டாலே ஒரு சாலை, ஒரு வடிகால், ஒரு கடை வாடகை பற்றிய பரிந்துரை ஆகிவிடுகிறது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரத்தில் ஐந்தாறு பேர்! ‘நம் டிவிஷன் கவுன்சிலர் நல்லவர், ஆனால் ஒன்றும் நடக்கவில்லை’ என்று வருந்துவோர் பலர். அவர் மக்கள் நலக் குழுவில் இருக்க, நம் குறை மராமத்துக் குழுவில் கிடந்தால், அவர் என்ன செய்வார்? அக்குழுத் தலைவரிடம் சென்று பேசத்தான் வேண்டும். ஆகவே நம் கவுன்சிலர் யார் என்று அறிந்தால் மட்டும் போதாது. நம் குறை எந்தக் குழுவினுடையது என்றும் அறிய வேண்டும்.

நிதி நிலைக்குழுவுக்குத் தலைவர் துணை மேயரே. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தை மன்றத்தில் வைப்பவரும் அவர்தான். மார்ச் மாதம் முடிவதற்குள் அது நிறைவேறியாக வேண்டும். அன்று வாசிக்கப்படும் உரையில் மேம்பாலமும் பூங்காவும் விளையாட்டரங்கமும் வரிசையாக வரும், கைதட்டலும் எழும். அனுபவமுள்ள உறுப்பினர் அவ்வுரையைக் கேட்டுக்கொண்டே வேறொரு பக்கத்தைப் புரட்டிக் கொண்டிருப்பார். அப்பக்கத்தில் ஒரே இனத்துக்கு நேராக மூன்று எண்கள் இருக்கும். சென்ற ஆண்டு மதிப்பிட்டது எவ்வளவு, பின்னர்த் திருத்தி மதிப்பிட்டது எவ்வளவு, வரும் ஆண்டுக்குக் கேட்பது எவ்வளவு என்பன அவை. சென்ற ஆண்டு பத்துக் கோடி என்று அறிவித்து, திருத்த மதிப்பீட்டில் ஒரு கோடியாகச் சுருக்கி, வரும் ஆண்டுக்கு மீண்டும் பன்னிரண்டு கோடி என்று எழுதியிருந்தால், அந்த வேலை நடக்கவில்லை, இனியும் நடப்பது ஐயம் என்பதை அவ்வெண்களே சொல்லிவிடும். உரையை நம்புவதா எண்ணை நம்புவதா என்று கேட்டால், நாம் எண்ணின் பக்கமே நிற்போம்.

நகரசபைக்கு வரும் பணம் ஒரே பையில் விழுவதில்லை என்பதையும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது பை சொந்த வருவாய். கட்டிட வரி, தொழில் வரி, வியாபார உரிமக் கட்டணம், கடை வாடகை ஆகியவை இதில் சேரும். வாடகை வீட்டில் வாழும் தமிழர் ‘நாம் வரி கட்டுவதில்லையே, எப்படிக் கேட்பது’ என்று தயங்குவதைக் கண்டிருக்கிறோம். மாதச் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் தொழில் வரி, அரசியல் சட்டம் விதித்த ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்ச வரம்புக்குட்பட்டு, நேரே நகரசபைக்கே போகிறது. வீட்டுக்காரர் கட்டும் கட்டிட வரியும் நாம் தரும் வாடகைக்குள்ளேயே அடங்கியதுதான். ஆகவே தயக்கத்துக்கு இடமில்லை.

இரண்டாவது பை மாநில அரசு தருவது. இதனுள் மூன்று அறைகள். வளர்ச்சிப் பணிக்கு ஒன்று, சாலையும் கட்டிடமும் பராமரிக்க ஒன்று, பொதுச் செலவுக்கு ஒன்று. எந்த உள்ளாட்சிக்கு எவ்வளவு என்பது மாநில வரவு செலவுத் திட்டத்தின் நான்காம் பின்னிணைப்பில் அச்சாகி வருகிறது. யாரும் வாங்கிப் பார்க்கலாம். 1996 ஆகஸ்டு 17ஆம் நாள், அதாவது மலையாளத்துச் சிங்ஙம் முதல் நாளில், கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளூர் மன்றங்களின் கையில் வந்து சேர்ந்தது அப்போதுதான். இந்தியாவின் வேறெந்த மாநிலமும் அவ்வளவு துணிவாகப் பணத்தைக் கீழே இறக்கியதில்லை என்பது நம் கருத்து. மூன்றாவது பை மத்திய நிதிக் கமிஷன் வழி வருவது. அதில் பெரும்பகுதி குடிநீர், கழிவு, சுகாதாரம் என்று கயிறு கட்டியே வரும். கயிற்றை அவிழ்த்து வேறொன்றுக்குச் செலவிட முடியாது. பராமரிப்புப் பணத்தை எடுத்துப் புதுச் சிலை வைக்க இயலாது. தெருவிளக்கு எரியாதபோது பக்கத்தில் பளபளவென்று ஒரு கழிப்பிடம் எழுவதைக் கண்டு சினப்பவர், பைகள் வேறென்பதை நினைவு கூர்ந்தால் சினம் பாதியாகும்.

ஒரு வேலை வரைபடத்திலிருந்து தெருவுக்கு வர எத்தனை படிகள் ஏற வேண்டும் தெரியுமா? டிவிஷன் அளவில் வார்டுக் குழு கூடி வேண்டுவன சொல்ல வேண்டும். துறைவாரியான பணிக்குழு அதைத் திட்டமாக எழுத வேண்டும். வளர்ச்சிக் கருத்தரங்கில் அது வைக்கப்படும். நிலைக்குழு பரிந்துரைக்கும், மன்றம் ஏற்கும், மாவட்டத் திட்டக் குழு ஒப்புதல் தரும், எஞ்சினீயர் தொழில்நுட்ப அனுமதி தருவார், அதன் பின்னரே டெண்டர். மன்றத் தீர்மானம் சட்டத்துக்கு மாறானதென்று தோன்றினால் மாநில அரசு அதை ரத்து செய்யவும் இடமுண்டு. உறுப்பினர் தம் கையால் ஒரு காசோலையிலும் ஒப்பமிட முடியாது. எடுத்துச் சொல்வது, இழுத்துப் பிடிப்பது, நினைவூட்டுவது ஆகிய மூன்றே அவர் வலிமை.

இத்தனை படிகளையும் ஏறி முடிக்கும்போது பல சமயம் ஜனவரி ஆகிவிடுகிறது. மீதமுள்ளவை இரண்டு மாதங்கள். மார்ச்சு மாதத்தில் நகரமெங்கும் ஒரே சமயத்தில் தார் மணப்பது அதனாலேயே.

இனிப் பிராட்வேக்குத் திரும்புவோம். அங்கே நகரசபையின் முன் வந்து நிற்கும் கேள்விகள் நான்கு. மார்க்கெட், தீ, வெள்ளம், நடைபாதை.

எர்ணாகுளம் மார்க்கெட்டின் பழைய கட்டிடங்கள் அகற்றப்பட்டு, கொச்சி ஸ்மார்ட் மிஷன் என்னும் நிறுவனத்தின் வழியாக, 275 கடைகள் கொண்ட புதிய மாளிகை 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. செலவு சுமார் 72 கோடி ரூபாய். மத்திய அரசின் ஸ்மார்ட் நகரத் திட்டத்தில் 2016 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இருபது நகரங்களில் கொச்சியும் ஒன்று. அத்திட்டம் 2025 மார்ச்சு 31ஆம் நாளோடு முடிவுற்றது. கட்டிய பணம் வந்த வழி அடைபட்டுவிட்டது. கட்டிடம் மட்டும் நிற்கிறது. மின்தூக்கிக்கு மின்சாரம், தண்ணீர், குப்பை, காவல், பழுது ஆகியவை மாதந்தோறும் வரும் செலவுகள். உறுப்பினர் கேட்க வேண்டிய கேள்வி, ‘எவ்வளவு அழகாகக் கட்டினோம்’ என்பதன்று. ‘யார் எந்தப் பையிலிருந்து பராமரிப்பார்கள்’ என்பதே. வாடகையை உயர்த்தினால் சிறு வியாபாரி தாங்கமாட்டார். உயர்த்தாவிடில் சொந்த வருவாய்ப் பை குறையும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு தொகையை நிதிக் குழு கண்டாக வேண்டும். புதுக் கட்டிடத் திறப்பு விழாவில் மாலையணிந்தவர்கள் பலர். அதன் மின்கட்டணப் பட்டியலைத் தேடிப் படிப்பவர் எத்தனை பேரோ!

தீயைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. 2019 மே மாதத்தில் பிராட்வேயில் பற்றிய தீ கடைகளை விழுங்கியது. தெரு குறுகல், மேலே தொங்கும் கம்பிகள், முன்னே நீட்டிய கூரைகள் ஆகிய இவற்றிடையே தீயணைப்பு வண்டி நுழைவதே பெரும்பாடு. நீட்டிய கூரையை அகற்ற ஆணையிடுவது நகரமைப்புக்குரிய வேலை. கம்பியை ஒழுங்குபடுத்துவது மின்வாரியத்தினுடையது. ஒருவர் மற்றவரைப் பார்த்து நிற்கும் வரை கம்பி தொங்கிக்கொண்டேதான் இருக்கும்.

வெள்ளத்துக்கு வருவோம். 2019 அக்டோபர் 21ஆம் நாள் எர்ணாகுளத்தில் இடைத்தேர்தல். அன்று பெய்த மழையில் நகரின் நடுப்பகுதி மிதந்தது. வாக்காளர் முழங்கால் நீரில் நடந்து சென்று வாக்களித்தனர். உயர் நீதிமன்றம் நகரசபையைக் கடிந்து பேசிற்று. அதன் பின் மாவட்ட நிர்வாகமே ‘ஆபரேஷன் பிரேக்த்ரூ’ என்ற பெயரில் கால்வாய்களைத் திறக்கும் வேலையை மேற்கொண்டது. நகரசபை செய்ய வேண்டிய வேலையைக் கலெக்டர் செய்ய நேர்ந்தது உறுப்பினர்களுக்குப் பெருமை தரும் செய்தியன்று. கொச்சி கடல் மட்டத்தோடு ஒட்டிய நிலம். கடலில் ஏற்றமும் வானில் மழையும் ஒரே நாழிகையில் சேர்ந்தால் வடிகால் நீர் வெளியே போகாமல் திரும்பி வரும். முல்லசேரிக் கால்வாயும் மார்க்கெட் கால்வாயும் தூர்ந்து கிடந்தாலோ கேட்கவே வேண்டாம்.

இதில் பணத்தைவிடக் காலமே பெரிது. கேரளத்தில் தென்மேற்குப் பருவம் வழக்கமாகத் தொடங்கும் நாள் ஜூன் முதல் தேதி. தூர் வாரும் டெண்டரைப் பிப்ரவரியில் முடித்தால் ஏப்ரலில் வேலை நிறைவேறும். எடுத்த வண்டலை லாரியில் ஏற்றி அப்புறப்படுத்தவும் பொழுது இருக்கும். ஏப்ரல் கடைசியில் முடித்தால் வண்டலை வாரிக் கரையிலேயே குவிப்பார்கள். முதல் மழை அதைத் திரும்பக் கால்வாய்க்குள்ளேயே தள்ளிவிடும். ஒப்பந்தக்காரருக்கோ பணம் கொடுத்தாகிவிட்டிருக்கும். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். இங்கே ஆற்றிலிருந்து எடுத்ததையும் அளந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. எத்தனை கனமீட்டர் வண்டல் எடுக்கப்பட்டது, எங்கே கொட்டப்பட்டது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்கும் உறுப்பினர், பெரிய சொற்பொழிவு நிகழ்த்துபவரைவிட நகரத்துக்கு அதிக நன்மை செய்கிறார்.

நான்காவதான நடைபாதைதான் நம்மவரை நேரே தொடுவது. பிராட்வேயிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் பூவும் பழமும் துணியும் விற்றுப் பிழைப்போரில் தமிழர் பலர். கடைக்காரர் சொல்வது: ‘நாங்கள் வாடகையும் வரியும் தந்து உள்ளே இருக்க, வாசலை மறைத்து அவர் வியாபாரம் செய்கிறார்.’ நடப்பவர் சொல்வது: ‘நடைபாதை எங்களுடையது.’ விற்பவர் சொல்வது: ‘இது இல்லாவிட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பில்லை.’ மூவர் கூற்றும் உண்மையே. இவ்வழக்குக் கேரள உயர் நீதிமன்றம் வரை சென்று, உரிமம் உடையவர் மட்டுமே விற்கலாம் என்ற நிலை 2021இன் இறுதியில் கொச்சியில் வலியுறுத்தப்பட்டது.

2014ஆம் ஆண்டின் நடைபாதை வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது என்பதை விற்பவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். நகர விற்பனைக் குழு ஒன்று அமைய வேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடங்கள் வியாபாரிகளுக்கே, அந்த இடங்களில் மூன்றிலொரு பங்கு மகளிர்க்கு. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். கணக்கில் வந்தவருக்கு விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். நகர மக்கள் தொகையில் நூற்றுக்கு இரண்டரை என்ற அளவுக்குள் இடங்கொடுக்க வேண்டும். இடம் மாற்றுவதாயின் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். அழுகும் பண்டத்தைக் கேட்ட அன்றே திருப்ப வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாட்களில். ஐம்பதாண்டுக்கு மேலாக வியாபாரம் நடந்துவந்த இயற்கைச் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கவும் அச்சட்டத்தில் வழி உண்டு.

இவ்வளவு பாதுகாப்பும் ஒரே நூலில் தொங்குகிறது. கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும் என்பதே அந்நூல். கணக்கெடுப்பு நாளில் ஊர்த் திருவிழாவுக்குத் தேனிக்கோ தென்காசிக்கோ போயிருந்தவர், திரும்பி வந்தபோது பதினைந்தாண்டு விற்ற இடத்தில் சட்டப்படி அந்நியராகிவிடக் கூடும். ஆகவே எந்தெந்தத் தெரு விற்பனைக்குரியது, எது தடை செய்யப்பட்டது என்று விற்பனைக் குழு பட்டியல் போடும் நாட்கள், நம்மவர் ஊரிலேயே இருக்க வேண்டிய நாட்கள். பிராட்வேயைப் பொறுத்தவரை நம் கருத்தையும் ஒளிக்காமல் சொல்கிறோம். அத்தெருவின் நடுவில் தீயணைப்பு வண்டிக்குரிய வழி எந்நேரமும் ஒழிந்திருக்கத்தான் வேண்டும்; அதை அடைத்து விற்பதற்கு எந்த உரிமையும் துணை நிற்காது. ஆனால் அவ்வழியைக் கோடு போட்டுக் காட்டாமல், மாற்றிடத்தையும் ஒதுக்காமல், பண்டிகைக்கு முன் வாரத்தில் திடீரென்று கூடையைத் தூக்கிப் போவது நிர்வாகம் ஆகாது.

காலம் எவ்வளவு நீளலாம் என்பதற்கு மட்டாஞ்சேரிப் பக்கமே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கல்வத்தியை அடுத்த துருத்தியில், நெருக்கடியான குடிசைப் பகுதியில் வாழ்ந்தவர்க்காக இரட்டை அடுக்குமாளிகை கட்டுவதென்று ராஜீவ் ஆவாஸ் திட்டத்தின் கீழ் 2013 வாக்கில் எண்ணம் பிறந்தது. மத்தியில் திட்டம் மாறிற்று. பணத்தின் வழி மாறிற்று. ஒரு மாளிகையை நகரசபையும் மற்றொன்றை ஸ்மார்ட் மிஷனும் கட்ட நேர்ந்தது. 394 குடும்பங்களுக்கான அவ்வீடுகள் திறக்கப்பட்டது 2025 செப்டம்பரில். பள்ளியில் சேர்ந்த பிள்ளை கல்லூரி வாசலுக்கு வரும் அளவு காலம். இதற்கிடையே மன்றங்கள் மாறின, மேயர்கள் மாறினர். ஆயினும் ஏதோ ஒரு நிரலில் ஏதோ ஓர் உறுப்பினர் அதை விடாமல் எழுப்பிக்கொண்டே இருந்திராவிடில் அது வந்திராது என்பதும் மெய்.

பிரம்மபுரத்தின் கதை எல்லோரும் அறிந்தது. 2023 மார்ச்சு 2ஆம் நாள் குப்பை மேட்டில் பற்றிய தீயின் புகை பத்து நாட்களுக்கு மேல் நகரை மூடியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நகரசபையை நூறு கோடி ரூபாய் கட்டுமாறு ஆணையிட்டது. நகரசபை அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றது. குப்பை பற்றிய எந்தச் செலவும் நிரலில் வரும்போது உறுப்பினர்கள் இன்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிப்பதற்கு அந்நாட்களே காரணம்.

எல்லாப் பழியையும் நகரசபையின் தலையில் ஏற்றுவதும் நியாயமன்று. குடிநீர் கேரள நீர் ஆணையத்தினுடையது. பெருஞ்சாலைகள் பொதுப்பணித் துறையினுடையவை. மட்டாஞ்சேரித் துறைக்கு 2025 அக்டோபரில் வந்து சேர்ந்த வாட்டர் மெட்ரோ, மெட்ரோ ரயில் நிறுவனத்தினுடையது. தீவின் நிலம் துறைமுகத்தினுடையது. ஃபோர்ட் கொச்சியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வண்ணார் குடும்பங்கள் துவைக்கும் தோபிக்கானாவைக் கட்டித் தந்தது பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம். மனு எழுதுமுன் உரிய வாசல் எதுவென்று கேட்டறிந்தால் ஆறு மாத அலைச்சல் மிச்சம்.

பிற நகரங்களில் வாழும் தமிழர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பெங்களூரில் 2020 செப்டம்பரிலும், பம்பாயில் 2022 மார்ச்சிலும் மாநகராட்சி மன்றங்களின் காலம் முடிந்தபின், ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றி அதிகாரிகளே வரவு செலவு நடத்தினர். நம் சென்னையிலேயே 2016 முதல் 2022 வரை மன்றம் இல்லை. கேள்வி கேட்க உறுப்பினரே இல்லாத நகரத்தில் திருத்த மதிப்பீட்டுப் பக்கத்தை யார் புரட்டுவர்? கேரளத்தில் ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தல் ஏறத்தாழ முறையாக நடந்து வருகிறது. அந்த வசதியைக் கொச்சித் தமிழர் முழுதும் பயன்படுத்திக் கொள்கின்றனரா என்பதே கேள்வி.

உள்ளாட்சித் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பது மாநிலத் தேர்தல் கமிஷன். சட்டசபைத் தேர்தலுக்கான பட்டியலில் பெயர் இருப்பதாலேயே இதிலும் இருக்குமென்று நம்புதல் கூடாது. இரண்டையும் தனித்தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரிலும் ஒரு வாக்கு, இங்கும் ஒரு வாக்கு என்று வைத்துக்கொள்வது சட்டத்துக்கு விரோதம். குடியிருக்கும் இடத்தில் ஒன்றே. வார்டுக் குழுவில் குடியிருப்போர் சங்கங்களுக்கும் குடும்பஸ்ரீ அயல்கூட்டங்களுக்கும் பிரதிநிதிகள் உண்டு. அக்குழு மூன்று மாதத்துக்கொருமுறையேனும் கூட வேண்டும். தமிழ்ப் பெண்கள் அயல்கூட்டத்தில் சேர்ந்தால், அவர்களுள் ஒருவர் உறுப்பினருக்கு எதிரே அமர்ந்து பேசும் வழி தானே திறக்கும். தமிழ்ச் சங்கம் நடத்தும் பொங்கல் விழாவுக்குக் கவுன்சிலரை அழைத்து மாலை போடுவது நன்றே. அவ்வார்டுக் குழுவின் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று அவரிடம் அப்போதே கேட்டு வைப்பது அதனினும் நன்று.

மொழி ஒரு தடைதான். மன்றத்தின் நடவடிக்கை மலையாளத்தில் நடப்பது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. எனினும் நகரசபைக்கு எழுதும் மனுவை மலையாளத்திலும் எழுதுவிப்பதே விரைவில் பயன்தரும். பள்ளியில் மலையாளம் கற்ற பிள்ளைகள் இல்லாத தமிழ் வீடு கொச்சியில் அரிது, அவர்கள் எழுதட்டும். 2024 ஜனவரி முதல் நாளில் தொடங்கிய கே-ஸ்மார்ட் என்னும் கணினி ஏற்பாட்டின் வழி, வீட்டிலிருந்தே விண்ணப்பம் செலுத்தி, அது எந்த மேசையில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

மனுவில் வணக்கமும் வாழ்த்தும் ஒரு வரி போதும். வடிகால் எந்தத் தெருவில், எந்தக் கடைக்கு எதிரே, எத்தனை அடி நீளம் அடைபட்டுள்ளது, முன்பு எப்போது தூர் வாரினர் என்பவற்றை எழுத வேண்டும். ஒரு படம் இணைக்கலாம். பருவத்துக்கு முந்திய தூர் வாரலுக்கு மனுக் கொடுப்பதாயின் அது புத்தாண்டுக்கு முன்பே சேர வேண்டும். புதிய வடிகாலே வேண்டுமென்றால் ஆண்டுத் திட்டத்துக்கான வார்டுக் குழுக் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். பதில் வராவிடில், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்துடன், ‘இவ்வடிகாலுக்குச் சென்ற மூன்றாண்டுகளில் செலவான தொகை எவ்வளவு’ என்று ஒரே ஒரு கேள்வியை நகரசபையின் தகவல் அதிகாரிக்கு எழுதிக் கேட்கலாம். முப்பது நாளுக்குள் அவர் விடை தர வேண்டும்.